றபானின் தோலும் குரலும்

கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்று விழா நடைபெறுகிறது. அங்கே ரிபாயி மரபினரான பாவாமார் றபான் முழக்கி ராத்தீபு ஓதுவர்.

றபான் எளிய கருவி. மரவளையத்தின் ஒரு முகத்தில் ஆட்டுத்தோல் போர்த்தப்பட்டிருக்கும், மறுமுகம் திறந்திருக்கும். சுருதி கூட்ட வாரோ முறுக்காணியோ இல்லை. கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிய தோல் தளர, ஒலி மந்தமாகும். அனலிற் காட்டினால் ஈரம் நீங்கித் தோல் இறுகும், சுருதி உயரும். அனல் மிகுந்தாலோ தோல் வெடித்துவிடும்.

பிளாஸ்டிக் தோலுக்கு இத்தொல்லை இல்லை. ஈரத்திலும் அதன் சுருதி பெரிதும் மாறாது. ஆயினும் அதன் ஒலி கூர்மையாகத் தனித்து நிற்கும். ஆட்டுத்தோலோ மேலோசைகளை அடக்கி, ஓதுவார் குரலோடு இழைந்து ஒலிக்கும்.

இவ்விருப்பம் பிற நாட்டாருக்கும் உண்டு. அமெரிக்கப் பேஸ் கிதார்க் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், தமது 1962-ஆம் ஆண்டுப் பெண்டர் கிதாரின் பழந்தந்திகளை அறுந்தாலன்றி மாற்றாதவர் எனப் பெயர்பெற்றவர். அவற்றின் மங்கிய நாதமே அவருக்கு உவப்பாயிருந்தது.

ஈரத்துக்கு இளகும் தோலே குரலுக்கும் இசைகிறது. அதனை அனலிற் பதமறிந்து காய்ச்சும் பக்குவம் கைப்பழக்கத்தால் மட்டுமே வருவது. இளந்தலைமுறை அதனைக் கற்றுக்கொண்டால்தான் றபானின் பழங்குரல் நிலைக்கும்.