ஒரு டிரா போதும்... குகேஷ் கைவிட்டுப் போன அந்த ஆட்டம்!

தஞ்சை டெல்டாவில் செஸ் என்றதும் நினைவுக்கு வருவது, திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் அருகே உள்ள பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயில். யாராலும் வெல்ல முடியாத இளவரசி ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் வென்று, சிவபெருமானே மணந்தார் என்கிறது தலபுராணம். 2022 ஜூலை 28-ம் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாடைத் தொடங்கி வைத்த பிரதமர் மோடியும் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டார்.

பூவனூர் கதையில் வெற்றியும் தோல்வியும் ஆடிய இருவரோடு முடிந்துவிடும். ஒலிம்பியாடில் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு 4 பேர், 4 பலகைகளில் ஆடுவார்கள். வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை. மொத்தம் இரண்டரை எடுத்தால் அந்த அணிக்கு 2 புள்ளிகள். 2-2 என்றால் இரு அணிகளுக்கும் தலா 1 புள்ளி.

இந்தக் கணக்கின் வலியை மாமல்லபுரத்தில் பார்த்தோம்.

அந்த 10-வது சுற்று

இந்தியா-2 அணியின் முதல் பலகையில் 16 வயது குகேஷ். முதல் 8 சுற்றுகளில் 8 வெற்றி. அமெரிக்காவின் கருவானாவும் அவரிடம் தோற்றிருந்தார். ஆகஸ்ட் 8-ம் தேதி எதிரே அமர்ந்தவர், உஸ்பெகிஸ்தானின் 17 வயது அப்துசத்தோரோவ். அப்போதைய உலக ரேபிட் சாம்பியன்.

முன்னிலையில் இருந்த குகேஷ், நேர நெருக்கடியில் பிழை செய்தார். ஆட்டம் கைமாறியது. தோல்வி. சிந்தாரோவை பிரக்ஞானந்தா வென்றதால் போட்டி 2-2 என முடிந்தது.

அந்த ஆட்டம் டிரா ஆகியிருந்தாலே இந்தியா-2 வென்றிருக்கும். கடைசியில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளிகள், தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. இந்தியா-2 எடுத்தது 18.

மறுநாளே மீண்டும் பலகை

துவண்டு உட்கார நேரமில்லை. மறுநாள் கடைசிச் சுற்றில் ஜெர்மனியின் கீமருடன் குகேஷ் டிரா செய்தார். அணி 3-1 என வென்று வெண்கலம் பெற்றது. 11 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்த குகேஷுக்கு முதல் பலகைக்கான தனிநபர் தங்கம்.

2024-ல் புடாபெஸ்ட் ஒலிம்பியாட். உஸ்பெகிஸ்தானுடன் மறுபடியும் 2-2. குகேஷ் - அப்துசத்தோரோவ் ஆட்டம் இந்த முறை டிரா. 22-க்கு 21 புள்ளிகளுடன் இந்தியாவுக்குத் தங்கம். அதே டிசம்பரில், 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்!