மூடின மில்லில் குடியிருப்போர்

சர்வே பிராக்டிகலுக்காக ஊருக்கு வெளியே பல வருஷமா மூடிக் கிடக்கிற ஒரு ரைஸ்மில்லை அளக்கப் போனோம். மச்சு மூலையில் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். செயினைப் போட்டுவிட்டு ஓடிய வீரர்களில் அடியேனும் ஒருவன்!

டார்ச் அடித்துப் பார்த்தால் பாம்பு இல்லை. கூகைக் குஞ்சுகள், நாலு. சாவுக்குருவி என்று நாம் பயப்படுவோமே, அதேதான். மூத்தது கோழி அளவு, கடைக்குட்டி கைப்பிடி அளவு. காரணம், முதல் முட்டை இட்டதுமே தாய் அடைகாக்க உட்கார்ந்துவிடும். குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பொரிக்கும். இரை குறைந்தால் கடைக்குட்டிதான் முதலில் போகும்.

கூகை கூடு கட்டாது. மழை படாத இருட்டு மூலை போதும். கீழே ஸ்லாபின் அடியில் நாட்டு உழவாரன்கள், இறகையும் புல்லையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டியிருந்தன. அதன் கால் தொற்றிக்கொள்ளத்தான் உதவும், கிளையில் உட்கார வராது. உயரத்திலிருந்து விழுந்துதான் பறக்கத் தொடங்கும். அதனால் 1509-ல் கட்டிய நம்ம ஏகாம்பரநாதர் ராஜகோபுரமானாலும் சரி, இடிந்த மில்லானாலும் சரி, இந்த மாதிரிப் பறவைக்கு அது ஒரு செங்குத்துப் பாறை, அவ்வளவுதான்.

லண்டனில் 1983-ல் மூடிய பேட்டர்சீ மின்நிலையத்தில் வல்லூறு ஜோடி குடியேறியது. கட்டடத்தைப் புதுப்பித்தபோது அவற்றுக்கென்றே தனியாக ஒரு உயரமான கோபுரம் நட்டு, கூட்டுப்பெட்டி வைத்தார்கள். 2022-ல் அந்த இடம் கடைவீதியாகத் திறந்தது.

நம்ம மில்லுக்கு அடுத்த மாசம் இடிப்பு. "சாவுக்குருவி இருக்கிற இடம் விளங்காதுப்பா" என்கிறார் மேஸ்திரி. குஞ்சுகளுக்குக் கீழே கிடந்த கக்கல் உருண்டைகளை உடைத்துப் பார்த்தேன்; எல்லாம் எலி மண்டை ஓடுகள். எங்க வீட்டுத் தறியில் ஒரு ராத்திரி எலி பாவைக் கடித்து, அப்பா இழை இழையாக முடிச்சுப் போட்டது எனக்கு மறக்காது. தறிக்காரர் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காட்டுப் பறவையின் முட்டையை, கூட்டைச் சேதப்படுத்துவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான். பொரித்து இரண்டு மாசத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். மூத்ததுக்கு இறகு முளைத்தாச்சு. கடைக்குட்டிக்கு இன்னும் வெறும் பஞ்சு. மச்சு இருக்கிற பக்கத்தை மட்டும் கடைசியாக இடிக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். "ஓனரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். ஞாயிறு அன்று திரும்பப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம். டார்ச் மட்டும் எடுத்து வாருங்கள், குஞ்சுகள் முகத்தில் அடிக்காதீர்கள்.