மெல்லிய காற்றில் உழைக்கும் தசைகள்

பொழுது விடியும் வேளையில் கெலுகோரில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஏற்ற இறக்கமான சாலைகளில் பலர் ஓட்டப் பயிற்சி செய்வர். அவர்களுள் சிலர் வார இறுதியில் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிவரை ஏறுவதும் உண்டு. உலகப் புகழ்பெற்ற நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் மலைப்பகுதிகளில் தங்கிப் பயிற்சி பெறுவதைக் கண்ட இளையோர், கொடிமலையில் ஓடினால் தமக்கும் அதே பலன் கிட்டும் என எண்ணுகின்றனர். வேறு சிலரோ, மூக்கையும் வாயையும் மூடும் ‘உயரப் பயிற்சி’ முகக்கவசத்தைப் பணம் கொடுத்து வாங்குகின்றனர். இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது?

கடற்கரையானாலும் மலையுச்சியானாலும் காற்றில் உயிர்வளியின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால், உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செல்லும் உயிர்வளியின் அளவும் குறைகிறது. இதன் விளைவை உலகமே கண்ட ஆண்டு 1968. அவ்வாண்டு, கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிக்கோ நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. அங்குக் காற்றழுத்தம் பினாங்குக் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு.

அப்போட்டியில் மலேசியாவின் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடி, அரையிறுதிச் சுற்றுவரை முன்னேறினார். ‘பறக்கும் மருத்துவர்’ என அழைக்கப்பட்ட அவருடைய அந்தத் தேசியச் சாதனை 2017இல்தான் முறியடிக்கப்பட்டது. 10,000 மீட்டர் ஓட்டத்திலோ நிலைமை நேர்மாறாக இருந்தது. கென்யாவின் நப்தாலி தெமு 29 நிமிடம் 27.4 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். அன்றைய உலகச் சாதனையைவிட இது 1 நிமிடம் 48 விநாடி அதிகம். அந்த உலகச் சாதனைக்கு உரியவரான ஆஸ்திரேலியாவின் ரோன் கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைக் கடந்ததும் மயங்கி விழுந்தார்.

ஒரே நகரம், ஒரே காற்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு? விடை தசைக்குள் இருக்கிறது. தசை இயங்குவதற்கான ஆற்றலைத் தருவது ஏடிபி என்னும் மூலக்கூறு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உயிர்வளியின் துணையோடு முழுமையாகச் சிதைந்தால் ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கும். தசை அணுக்களில் உள்ள இழைமணிகள் இவ்வேலையைச் செய்கின்றன. உயிர்வளி இல்லாமல் சிதைந்தாலோ கிடைப்பது 2 ஏடிபி மட்டுமே. ஆயினும், அது விரைவாகக் கிடைக்கும். இருபது விநாடி ஓட்டத்திற்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி இந்த விரைவு வழியிலேயே வருகிறது. மேலும், மெல்லிய காற்று ஓடுபவரை எதிர்த்துத் தள்ளுவதும் குறைவு. அரை மணி நேரம் ஓடுபவருக்கோ இழைமணிகளே கதி.

உயிர்வளி குறைந்த சூழலில் தொடர்ந்து பயிற்சி செய்தால் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அணுக்களில் ‘ஹிஃப்’ எனப்படும் ஒரு புரதம் உண்டு. உயிர்வளி போதுமானதாக இருக்கும்போது அது உடனுக்குடன் அழிக்கப்பட்டுவிடும். உயிர்வளி குறைந்தால் அது அழியாமல் நிலைத்து, பல மரபணுக்களை இயக்குகிறது. குருதியில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. குளுக்கோஸைச் சிதைக்கும் நொதிகள் கூடுகின்றன. புதிய நுண்குழாய்கள் தோன்றவும் தூண்டுதல் கிடைக்கிறது. அணுக்கள் உயிர்வளியை உணரும் இம்முறையைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தசையில் நிகழும் மாற்றத்தை 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு எளிமையாகக் காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் ஒரு காலுக்கு வழக்கமான காற்றழுத்தத்திலும், மறு காலுக்குக் குறைந்த காற்றழுத்தத்திலும் பயிற்சி அளித்தனர். ஒரே மனிதர், ஒரே உணவு, ஒரே உறக்கம். கால் மட்டும் வேறு. குறைந்த அழுத்தத்தில் உழைத்த காலின் தசையில், இழைமணிகளில் செயல்படும் ஒரு முக்கிய நொதி மற்றக் காலைவிடக் கூடுதலாக அதிகரித்திருந்தது. தசைக்குள் உயிர்வளியைச் சேமிக்கும் மயோகுளோபினும் அந்தக் காலில் கூடியிருந்தது.

அப்படியானால், உயரே ஏறிப் பயிற்சி செய்தாலே போதும் எனத் தோன்றலாம். சிக்கல் என்னவென்றால், மெல்லிய காற்றில் விளையாட்டாளரால் வழக்கமான வேகத்தில் ஓட இயலாது. வேகம் குறைந்தால் தசை பெறும் பயிற்சியும் குறையும். 1997இல் பெஞ்சமின் லெவின், ஜேம்ஸ் ஸ்ட்ரே கண்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினர். 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிவந்து பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள், நான்கு வாரங்களுக்குப் பின் 5,000 மீட்டர் ஓட்டத்தில் சராசரியாக 13 விநாடி முன்னேற்றம் கண்டனர். உயரத்திலேயே தங்கி அங்கேயே பயிற்சி செய்தோர் அத்தகைய முன்னேற்றம் காணவில்லை. மலை இல்லாத ஊர்களில், உயிர்வளி குறைக்கப்பட்ட அறைகளிலும் கூடாரங்களிலும் விளையாட்டாளர்கள் உறங்குவது இதனால்தான்.

கொடிமலையின் உயரம் 833 மீட்டர். அங்குக் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவே குறைகிறது. மேலும், ஏறுபவர் ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார். மலையேற்றம் கால்களுக்கும் இதயத்திற்கும் நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால், அங்கு மூச்சு வாங்குவதற்குக் காரணம் பாதையின் செங்குத்து. மெல்லிய காற்று அன்று. முகக்கவசமோ மூச்சுவிடுவதைக் கடினமாக்குகிறதே தவிர, மலைக்காற்றைப் போல் காற்றழுத்தத்தைக் குறைப்பதில்லை. உண்மையான உயரப் பயிற்சிக்குச் செல்வோர், புறப்படும் முன்னரே குருதியில் இரும்புச்சத்தின் அளவைச் சோதித்துக்கொள்கின்றனர். இரும்புச்சத்து குறைவாக இருந்தால், பல வாரங்கள் மலையில் தங்கினாலும் சிவப்பணுக்கள் எதிர்பார்த்த அளவு பெருகுவதில்லை.