குழாய்க்குப் பின்னால் இருப்பதைக் காட்டும் ஒலி

சந்தையில் மண்பானை வாங்குபவர் அதை விரலால் தட்டிப் பார்த்தே வாங்குவார். ஓசை கணீரென்று இருந்தால் நல்ல பானை. மங்கலாக இருந்தால் எங்கோ கீறல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத குறையைக் காது கண்டுபிடித்து விடுகிறது. ஆயிரக்கணக்கான அடி ஆழம் இறங்கியுள்ள எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் உறுதியைச் சோதிப்பதும் ஏறத்தாழ இதே முறையில்தான்.

காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம், கமலாபுரம் போன்ற ஊர்ப் பகுதிகளில் வயல்களுக்கு நடுவே இத்தகைய கிணறுகள் தோண்டப்பட்டுள்ளன. 2020-ம் ஆண்டில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் பணிகளைத் தடை செய்கிறது. ஆயினும் அதற்கு முன் தோண்டிய கிணறுகள் நிலத்துக்குள் இருக்கவே செய்கின்றன. அவற்றின் குழாய்கள் நாம் பாசனத்துக்கும் குடிக்கவும் எடுக்கும் நீர் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டே கீழே இறங்குகின்றன. ஆதலால் அவை எப்படிக் கட்டப்படுகின்றன, எப்படிச் சோதிக்கப்படுகின்றன என்பதை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுக்கடுக்கான கிணறு

எண்ணெய்க் கிணற்றில் ஒரே குழாய் இருப்பதில்லை. முதலில் அகலமான எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவேயுள்ள சந்தில் சிமெண்ட் குழம்பைச் செலுத்தி இறுக விடுவார்கள். மேல்பகுதியிலுள்ள நல்ல தண்ணீரைக் காப்பது இந்தக் குழாயும் சிமெண்டும்தான். பின்னர் அதற்குள்ளே அதைவிடச் சிறிய குழாயை இன்னும் ஆழமாக இறக்குவார்கள். இப்படி இரண்டு மூன்று குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமையும். நமது போர்வெல்லில் போடும் கேசிங் பைப்பும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது.

சிமெண்ட் சரியாகப் பிடிக்காமல் ஒரு பக்கத்தில் வாய்க்கால் போலச் சந்து விட்டுப் போனால், ஆழத்திலுள்ள உப்புநீரோ எரிவாயுவோ அந்தச் சந்து வழியே மேலே ஏறி நல்ல நீருடன் கலக்கலாம். குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் இதே கதிதான். இரண்டு குறைகளுமே மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கலிபோர்னியாவில் நடந்தது

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே அலிசோ கேன்யன் என்ற இடத்தில் எரிவாயுவை நிலத்தடியில் சேமித்து வைக்கிறார்கள். அங்கே 1950-களில் தோண்டிய ஒரு கிணறு 2015 அக்டோபரில் நிலத்துக்குள்ளேயே வெடித்துக் கசியத் தொடங்கியது. 2016 பிப்ரவரியில்தான் அதை அடைக்க முடிந்தது. அதற்குள் சுமார் 1 லட்சம் டன் மீத்தேன் வாயு வெளியேறிவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியே தங்க நேர்ந்தது.

காரணத்தை ஆராய்ந்த அறிக்கை 2019-ல் வெளிவந்தது. 7 அங்குல உள்குழாய் 892 அடி ஆழத்தில் கிழிந்திருந்தது. வெளிக்குழாய்க்கும் உள்குழாய்க்கும் நடுவே நிலத்தடி நீர் புகுந்து, உள்குழாயின் வெளிப்புறத்தை அரித்துவிட்டது. கிழிந்த இடத்தில் குழாயின் தடிமனில் 85 சதவீதம் போய்விட்டது. அந்தக் குழாயின் தடிமனை அதற்கு முன் யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. அளந்திருந்தால் அரிப்பு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

தட்டிக் கேட்கும் கருவி

சிமெண்டைச் சோதிக்க, கம்பி வடத்தில் கட்டிய நீண்ட கருவியைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். அதிலுள்ள ஒலிபரப்பி வினாடிக்குச் சுமார் 20 ஆயிரம் அதிர்வுகள் கொண்ட ஒலியைக் குழாயின் மீது தட்டும். 3 அடி, 5 அடி தள்ளியுள்ள வாங்கிகள் அந்த ஒலியைக் கேட்கும். குழாய்க்குப் பின்னால் சிமெண்ட் பிடிக்காமல் வெறுமையாக இருந்தால் குழாய் மணியைப் போல ஒலிக்கும். சிமெண்ட் நன்றாகப் பிடித்திருந்தால் ஓசை அடங்கிவிடும். பானை விஷயத்துக்கு இது நேர்மாறு. இங்கே மங்கலான ஓசையே நல்ல அறிகுறி.

குழாயின் தடிமனை அளக்க இன்னும் நுண்ணிய ஒலி தேவை. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுச் சுவர் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் தடவை அதிரும். அரித்து 8 மில்லிமீட்டராகக் குறைந்தால் அதிர்வு சுமார் 3 லட்சத்து 70 ஆயிரமாக உயரும். சுழலும் கருவி ஒன்று குழாயைச் சுற்றிலும் இப்படித் தட்டிக்கொண்டே போய், எந்த ஆழத்தில், எந்தப் பக்கத்தில் சுவர் மெலிந்துள்ளது என்று படம் போட்டுக் காட்டிவிடும்.

திருப்பிவிடும் ஒலி

இவற்றிலும் ஒரு குறை உண்டு. நீரிலிருந்து எஃகின் மீது நேராக விழும் ஒலியாற்றலில் 100-க்குச் சுமார் 88 பங்கு திரும்பி வந்துவிடும். முதல் குழாயைத் தாண்டிச் செல்வது சொற்பமே. அதற்கும் பின்னாலுள்ள சிமெண்டையும் அடுத்த குழாயையும் அறிவது எப்படி? இங்கேதான் ஒலியை வேண்டிய சாய்வில் திருப்பிவிடும் முறை உதவுகிறது.

ஒரு குளத்தின் படித்துறையில் பத்துப்பேர் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் கல் போட்டால், அலைகள் ஒன்றுசேர்ந்து நேராக முன்னே செல்லும். இடது கோடியில் இருப்பவர் முதலிலும், அடுத்தவர் சற்றுப் பின்னும் என்று வரிசையாகப் போட்டால், அலை வலப்பக்கம் சாய்ந்து செல்லும். ஆட்கள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கல் போடும் நேரத்தை மாற்றியதாலேயே அலையின் திசை மாறிவிட்டது.

கருவியிலும் மின்சாரம் கொடுத்தால் அதிரும் சிறு வில்லைகள் பல வரிசையாக உள்ளன. வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் நேரத்தை மாற்றி மாற்றி அவற்றை இயக்கினால், ஒலிக்கற்றை வேண்டிய பக்கம் திரும்பும். மருத்துவமனையில் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

தகுந்த சாய்வில் விழும் ஒலி, எஃகுச் சுவரை நெளிய வைத்து அதன் வழியே ஓடும். ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்புறம் கசிந்து, சிமெண்டுக்குள் சென்று, அதற்கப்பாலுள்ள குழாயிலோ பாறையிலோ பட்டுத் திரும்பி வரும். அது வரும் நேரத்தையும் வலிமையையும் கொண்டு, இடையிலிருப்பது சிமெண்டா, நீரா, வாயுவா என்று கணிக்கிறார்கள். ஆனால் நடுவே வாயு நிறைந்த சந்து இருந்தால் ஒலி அதைத் தாண்டாது. இரண்டாவது குழாய்க்கும் அப்பால் தெளிவாகப் பார்ப்பது இன்னும் கடினமான வேலையாகவே உள்ளது. எனவே ஒலிச் சோதனையுடன் அழுத்தச் சோதனையும் சேர்த்துச் செய்வதே நம்பத்தகுந்தது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. எண்ணெய்க் கிணற்றுக்கு அருகே நிலம் வைத்திருப்பவர்கள் தங்கள் போர்வெல் நீரை இப்போதே மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்துச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய அளவு கையில் இருந்தால்தான் பின்னர் உப்பு கூடியதா என்று நிரூபிக்க முடியும்.

2. நீரில் திடீரென உப்பு கூடுதல், எண்ணெய் வாடை, குமிழிகள் ஆகியவற்றைக் கவனிக்கவும். குமிழி வரும் போர்வெல் அருகே தீக்குச்சி, பீடி பற்ற வைக்கக் கூடாது. சேற்றிலிருந்து இயற்கையாகவும் வாயு வரக்கூடும் என்பதால், அதிகாரிகளைக் கொண்டு சோதித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

3. நீரின் மேல் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பார்க்கவும். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புச் சத்தால் வந்த படலம். மீண்டும் கூடிக்கொண்டால் எண்ணெயாக இருக்கலாம்.

4. கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், அந்தக் கிணற்றின் சிமெண்டும் குழாய்த் தடிமனும் கடைசியாக எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டன, நன்னீர் அடுக்கின் எதிரே சிமெண்ட் முழுமையாக உள்ளதா, கைவிடப்பட்ட கிணறானால் எந்தெந்த ஆழத்தில் சிமெண்ட் அடைப்புப் போடப்பட்டது என்று எழுத்து மூலம் கேட்கலாம்.

5. சொந்தப் போர்வெல்லிலும் கேசிங் பைப்பைச் சுற்றியுள்ள சந்தைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைத்து, மேலே தளம் போட வேண்டும். மழை பெய்ததும் நீர் கலங்கி வந்தால், மேல்நீர் பைப்பின் ஓரமாகவோ விரிசல் வழியாகவோ இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். கேமரா இறக்கிப் பார்ப்பவர்களைக் கொண்டு பைப்பின் விரிசலைக் காணலாம். ஆனால் கேமரா பைப்பின் உட்புறத்தை மட்டுமே காட்டும். வெளியேயுள்ள சந்தை, போர் போடும் அன்றே உடனிருந்து அடைக்கச் செய்வதுதான் சிக்கனமான வழி.