ஐந்து நாள் புகை: பலியானது யார்?



புகை எல்லார் மூக்கிலும்தான் போகுது. ஆனா எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்குதா? இல்லை. லண்டன் மாநகரத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்த ஊரைப் பனிப்புகை மூடியது. குளிருக்காக வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிச்சாங்க. மின் நிலையங்களிலும் நிலக்கரிதான். வழக்கமாகப் புகை மேலே போய்க் கலைந்துவிடும். அந்த ஐந்து நாளும் காற்று வீசவில்லை. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி, புகை கீழேயே தங்கிவிட்டது. பகலிலேயே ரோடு தெரியல. பஸ்கள் நின்றுபோயின.

லண்டன்காரர்களுக்கு மூடுபனி பழக்கம். அதனால் முதலில் யாரும் பெரிசா நினைக்கல. பிறகு இறப்புக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். வழக்கத்தைவிடச் சுமார் 4000 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் இறப்பும் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அடுத்த சில மாதமும் இறப்பு குறையவில்லை. அதற்கு ஃப்ளூ காய்ச்சல்தான் காரணம் என்றது அரசு. 2001-ல் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி கணக்குப் போட்டு, மொத்தம் சுமார் 12,000 பேர் என்றார்கள்.

ஏன் குழந்தைகளும் முதியவர்களும்?

பெரியவங்க நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவாங்க. பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை விடும். எடைக்குத் தகுந்தபடி பார்த்தா, நம்மைவிட அதிகப் புகை அதன் உள்ளே போகும். மூச்சுக்குழாயும் ரொம்பச் சின்னது. கொஞ்சம் வீங்கினாலே அடைச்சுக்கும். வயசானவங்களுக்கோ நுரையீரலும் இதயமும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். புகை சேர்ந்தால் தாங்காது.

இதன் பிறகுதான் 1956-ல் இங்கிலாந்தில் தூய காற்றுச் சட்டம் வந்தது.

நம்ம பக்கமும் போகி அன்னிக்கு டயர், பிளாஸ்டிக் எல்லாம் கொளுத்துறோம். மார்கழி விடியற்காலையில் காற்றும் அவ்வளவா அசையாது. நமக்குக் கண் எரிஞ்சா தள்ளிப் போய் நின்னுக்குவோம். பாயில் படுத்திருக்கிற ஆயா என்ன செய்வாங்க? தூளியில் தூங்குற பாப்பா என்ன செய்யும்?

தீக்குச்சி உரசும் முன்னே அவங்க ரெண்டு பேரையும் நினைச்சுக்குவோம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு