வாத நோயும் தாய்மைப் பேறும்

முடக்குவாதத்தாலோ, மூட்டு, சிறுநீரகம் முதலிய பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோயாலோ பீடிக்கப்பட்ட ஒரு பெண் விவாகஞ் செய்து வந்தால், அவளுக்குப் பிள்ளைப்பேறு ஆகாதென்று வைத்தியரைக் கேளாமலே தீர்ப்புக் கூறிவிடுவோர் நம்மிடையே இன்னும் உளர். அத்தீர்ப்பு பிழையானது, தக்க ஆயத்தத்தோடு கருத்தரித்தால், இந்நோயுற்ற பெண்களிற் பெரும்பாலோர் சுகமாகவே மகவீன்றெடுக்கின்றனர்.

1938 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹென்ச், முடக்குவாதமுற்ற பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் வலியும் வீக்கமும் தணிவதையும், பிரசவத்தின் பின் அவை திரும்புவதையும் விவரித்து எழுதினார். அத்தகைய அவதானங்களே பின்னாளில் கோர்ட்டிசோன் சிகிச்சைக்கு வழிகோலின. அதற்காக 1950 இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். ஆயினும் லூபஸ் அவ்வாறு தணியுமென்று நம்பியிருக்கலாகாது. குறைந்தது 6 மாதங்களாவது நோய் அடங்கியிருந்து, சிறுநீரகங்களும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கருத்தரித்தல் உசிதமாகும்.

மருந்து விஷயத்திலேதான் விவேகம் மிகவும் வேண்டும். மெதோட்ரெக்சேட், மைக்கோபீனோலேட் ஆகியவை சிசுவுக்கு ஊறு விளைப்பனவாதலால், கருத்தரிப்பதற்கு முன்னரே வைத்தியரின் சொற்படி மாற்றப்பட வேண்டியவை. ஹைட்ரொக்சிகுளோரோகுயினோ லூபஸ் நோயாளர் கர்ப்ப காலத்திலும் தொடர வேண்டியது. அச்சத்தால் எல்லா மாத்திரைகளையும் ஒருங்கே நிறுத்திவிட்டால், மூளும் நோயே தாய்க்கும் சேய்க்கும் பெருந்தீங்காகும். இரத்தம் உறையும் இயல்பு மிகுந்து கரு கலைவோருக்குச் சிறிதளவு அஸ்பிரினும் ஹெப்பரினும் துணை செய்கின்றன. ஆண்களும் இதற்குப் புறம்பல்லர்: சல்பாசலசின் விந்தணுக்களைக் குறைப்பதுண்டு, மருந்தை மாற்றினால் அவை மீளும்.

இவ்வாயத்தத்திற்கு நம் இலங்கை நாட்டில் வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிய காலந்தொட்டு வளர்ந்த அமைப்பின் பயனாக, கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த மூதூரிலும் கிண்ணியாவிலும், துறைமுகத்தையொட்டிய திருகோணமலை நகரத்திலும், குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருகிறார். புதுமணத் தம்பதியரையும் பதிவு செய்கிறார். மூட்டு நோயும் உண்ணும் மாத்திரைகளின் பெயரும் அப்பதிவேட்டில் முதல் நாளே ஏறுமாயின், திருகோணமலை ஆஸ்பத்திரியின் வைத்தியரிடம் அவர்களை அனுப்புவதற்குக் காலம் கிடைக்கும்.

ஆகவே, திருகோணமலைச் சகோதரிகளே, கருத்தரித்த பின்னன்று, கருத்தரிக்க எண்ணும் போதே உங்கள் நோயை மறையாது மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். வீட்டுப் பெரியோர்களே, அவ்வாறு சொல்ல அவர்களுக்குத் துணை நில்லுங்கள்.