மாலை ஐந்தரை மணி வகுப்பை விடுவதா?

கடந்த ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. இரண்டு வகுப்புகளும் முடிந்து ஸ்கூட்டியில் ஏறி அமர்ந்த பிறகு, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. திறப்பு கையில் இருக்கிறது. அழுகை வரவில்லை, தலைசுற்றவில்லை. ஏ-9 வீதியால் போகிற பஸ்களைப் பார்த்தபடி ஐந்து நிமிடமளவில் அப்படியே இருந்தேன். காவலாளி ஐயா வந்து, “என்ன பிள்ளை, பெற்றோல் முடிஞ்சுதோ?” என்று கேட்ட பிறகுதான் வண்டியை இயக்கினேன்.

பகலில் தர்மபுரம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் மூன்று மாலைகள் கிளிநொச்சி நகரிலுள்ள ஒரு உடற்பயிற்சி நிலையத்தில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2021 இன் தொடக்கத்தில் ஆரம்பித்தது. கொரோனா முடக்கத்தில் நின்று, திரும்பத் தொடங்கி, 2022 இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் சைக்கிளில் போய்வந்து காப்பாற்றிய வேலை. அதை விடுவதா, தொடர்வதா என்று ஐந்து மாதமாக யோசித்தேன். இதைப் போல இரண்டாவது வேலை ஒன்றை இழுத்துக்கொண்டு திரிகிற பெண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரியூசன் கொடுப்பவர்கள், தையல் எடுப்பவர்கள், இரவில் கடைக் கணக்குப் பார்ப்பவர்கள். நான் யோசித்த விதம் அவர்களில் யாருக்காவது உதவக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தது, களைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தது. களைத்துப் போனால் உடனே வேலையைக் குற்றம் சொல்வோம், அல்லது மனதைக் குற்றம் சொல்வோம். இரத்தத்தைப் பரிசோதிக்க மாட்டோம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 9.8. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 இற்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை என்பார்கள். வாரம் ஆறு மணித்தியாலம் துள்ளிக் குதிக்கிற ஒருத்திக்கு இந்த அளவு போதவே போதாது. வகுப்புக்கு முன் வெறுந்தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், வீட்டுக்கு வந்து ஒன்பது மணிக்குச் சோறு, சோற்றோடு திரும்பவும் தேநீர். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்று மருத்துவர் சொன்னார். தைரொயிட் பரிசோதனையும் செய்தார்கள், அதில் பிரச்சினை இல்லை. மூன்று மாதம் இரும்பு மாத்திரை எடுத்தேன். படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. காலையில் எழும்ப முடிந்தது. ஆனால் திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் மூன்று மணியானால் வயிற்றுக்குள் கல் ஒன்று விழுவது மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, பாதிக் களைப்பு இரத்தத்தினுடையது, மீதி வேலையினுடையது என்று. இந்தப் பரிசோதனைக்கு முன்பே நான் விலகியிருந்தால், தவறான காரணத்துக்காக விலகியிருப்பேன்.

அடுத்தது காசு. கணக்கு எழுதுகிறவள் என்று பெயர், ஆனால் இந்த வேலையின் கணக்கை நான்கு வருடமாக எழுதிப் பார்க்கவில்லை. ஒரு வகுப்புக்கு 900 ரூபா. மாதம் 24 வகுப்புக்கு 21,600 ரூபா. போக 14 கிலோமீற்றர், வர 14 கிலோமீற்றர், மாதத்துக்குப் 12 நாள். பெற்றோல் லீற்றர் ஏறத்தாழ 300 ரூபா என்றால் 2,500 ரூபா போகிறது. முட்டை, பழம், வருடத்துக்கு இரண்டு சோடிச் சப்பாத்து என்று மாதம் 1,800 போட்டேன். மிச்சம் 17,300 ரூபா.

நேரத்தையும் எழுதினேன். சம்பளம் கிடைப்பது ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு. ஆனால் நாலரைக்கு வேலையால் வெளிக்கிட்டால் வீடு வந்து சேர எட்டே முக்கால். மாதத்துக்கு 51 மணித்தியாலம். பாட்டுத் தெரிவு செய்வது, வட்ஸ்அப்பில் “ரீச்சர், முழங்கால் நோகுது, நாளைக்கு வரலாமோ?” என்பதற்குப் பதில் எழுதுவது எல்லாம் இன்னும் எட்டு மணித்தியாலம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 300 ரூபாவுக்கும் குறைவு. என் மனதில் மணிக்கு 900 ரூபா என்ற எண்ணம்தான் இருந்தது. அந்த எண்ணத்தை வைத்தே நான்கு வருடம் ஓடியிருக்கிறேன்.

இருந்தாலும் 17,300 ரூபா சிறிய காசு இல்லை. அதில் 12,000 பேராதனையில் படிக்கும் தம்பிக்குப் போகிறது. மிச்சம் சீட்டுக்கு. “கிடைச்ச வேலையை ஆரும் விடுவினமே?” என்று அம்மா கேட்டதில் தவறில்லை. செட்டிகுளம் முகாமில் ஒரு வாளி தண்ணீருக்கு வரிசையில் நின்ற மனுசிக்கு, கையிலுள்ள எதையும் விடுவது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். எனக்கும் அதே பயம் இருக்கிறது. 2009 இல் எனக்குப் பதினான்கு வயது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் எதையாவது விட்டுவிட்டு ஓடினோம். ஆகவே விடுவது என்ற சொல்லே எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

காசை விட்டால், என்னைக் களைப்படைய வைத்தது எது? இதைச் சொல்ல வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது தொடக்கம் ஐம்பத்தைந்து வயதுக்கு இடைப்பட்டவர்கள். நீரிழிவு, பிரஷர் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பாதி. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் பின்னேரத்தில் வீதியில் வேகமாக நடந்தால் “எங்கை ஓடுறாய்?” என்று கேட்கிற ஊரில், ஒரு பெண் கதவு சாத்திய அறைக்குள்தான் நிம்மதியாகக் கையைக் காலை அசைக்கலாம். பலருக்கு உடம்புக்குள் ஷெல் துண்டு இருக்கிறது. ஒருவருக்கு இடுப்பில், ஒருவருக்குத் தோள்மூட்டுக்குப் பக்கத்தில். எம்.ஆர்.ஐ எடுக்கப்போகும்போது கட்டாயம் அதைச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்கு நான்தான் சொன்னேன். சொல்லிக்கொடுப்பதற்கு முன் அவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். யாருக்குத் துள்ளக்கூடாது, யாருக்குக் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகக்கூடாது என்று.

கொப்பியில் இல்லாத ஒன்று இரண்டாவது வருடம் நடந்தது. நான் மைக்கில், “இரண்டு கையையும் மேலை தூக்குங்கோ!” என்றேன். எல்லோரும் தூக்கினார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு அக்கா தூக்கிய கையோடு அப்படியே நின்றார். முகம் வெளிறிவிட்டது. பிறகு செருப்பையும் போடாமல் வெளியே போய்விட்டார். அடுத்த நாள் அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த எவருக்கும் அதை விளக்கத் தேவையுமில்லை. அதற்குப் பிறகு நான் அந்த வசனத்தைச் சொல்வதில்லை. “கூரையைத் தொடுற மாதிரி” என்கிறேன். “படுங்கோ” என்பதையும் விட்டுவிட்டேன். “பாயிலை சாயுங்கோ.”

இதற்கு ஒரு உடலியல் காரணமும் உண்டு. வேகமாகப் பயிற்சி செய்யும்போது நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு மேல்மூச்சாக வரும். பயப்படும்போதும் இதேதான் நடக்கும். பெரிய பயத்தை அனுபவித்த உடலுக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினமாக இருக்கலாம். ஆகவே சிலருக்குப் பத்தாவது நிமிடத்தில் பதற்றம் வந்துவிடுகிறது. மெதுவாகக் கூட்டினால், “இப்ப நெஞ்சு அடிக்கும், அது சரி, ரெண்டு நிமிசத்தில குறையும்” என்று முன்கூட்டியே சொன்னால், கதவைத் திறந்து வைத்தால், கண்ணை மூடச் சொல்லாமல் விட்டால், பலரால் அதைத் தாண்ட முடிகிறது. அடிக்கிற நெஞ்சு எல்லா நேரமும் ஆபத்தைச் சொல்வதில்லை என்று உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது. அந்த அக்கா மூன்று கிழமைக்குப் பிறகு திரும்ப வந்தார். நான் இந்த வேலையை விட முடியாமல் இருந்ததற்கு முதல் காரணம் அவர்தான்.

வகுப்பு முடிந்தால் யாரும் போகமாட்டார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு கதைப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி, நுண்கடன்காரன் வந்து முற்றத்தில் இருந்ததைப் பற்றி, குடிக்கிற கணவனைப் பற்றி. கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் முதல் நாளிலிருந்து இருந்த ஒரு அம்மாவும் வருகிறார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் அப்பாவும் திரும்பி வராதவர் என்பதை அவர்களிடம் சொன்னதில்லை. ரீச்சர் என்றால் சிரித்துக்கொண்டு, உற்சாகமாக, “இன்னும் நாலே நாலு!” என்று கத்திக்கொண்டு இருக்கவேண்டும்.

இப்படிச் சம்பளத்துக்காக முகத்தையும் குரலையும் ஒரு குறிப்பிட்ட உணர்ச்சியில் வைத்திருப்பதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1983 இல் விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதினார். மற்றவர்களின் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு அந்தத் துயரம் தொற்றுவதைப் பற்றியும் உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் பேசுவது வெளியிலிருந்து வந்து கேட்பவர்களைப் பற்றி. கேட்பவளும் அதே பதுங்குகுழிக்குள் இருந்தவளாக இருந்தால்? போரின் மனவடு தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே தாக்குகிறது என்று யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். எங்கள் அறையில் அது பாய் விரித்தமாதிரித் தெரிந்தது.

வேலையினால் வரும் எரிந்துபோதலை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் நோய் என்று வகைப்படுத்தவில்லை, தொழில் சார்ந்த ஒரு நிகழ்வு என்றது. மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: சக்தி தீர்ந்துபோதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது கசந்துபோதல், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். முதலாவது எனக்கு இருந்தது. மூன்றாவது இல்லை. இரண்டாவதுதான் என்னைப் பயமுறுத்தியது. செப்ரெம்பரில் ஒருநாள், ஒரு அம்மா மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் அதைக் கண்டுவிட்டு, “நேரமாச்சு என்ன, போங்கோ பிள்ளை” என்றார். வேலையை விடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது களைத்த நாட்களில் அல்ல, அன்றைக்குத்தான்.

இருந்தும் உடனே விடவில்லை. உரிமையாளர் அண்ணாவிடம் மூன்று விடயம் கேட்டேன். இரண்டு மாலையாகக் குறைப்பது, பாட்டின் சத்தத்தைக் குறைப்பது, ஊழியர் சேமலாப நிதி கட்டுவது. சத்தத்தைக் குறைக்க உடனே சம்மதித்தார். அதுவும் பெரிய விடயம்தான், என் குரல் இரண்டு கிழமையாக அடைத்திருந்தது. மூன்று கிழமைக்கு மேல் குரல் அடைத்திருந்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். நாட்களைக் குறைக்க முடியாது என்றார், வேறு ரீச்சர் இல்லை. சேமலாப நிதிக்கு, “நீங்கள் பகுதிநேரம்தானே தங்கச்சி” என்றார்.

இந்தப் பதிலைப் பலர் கேட்டிருப்பீர்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி நிரந்தர ஊழியருக்கு மட்டுமானது இல்லை. தற்காலிக, அமைய, பகுதிநேர ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உரியது. ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம். என் 21,600 ரூபாவுக்கு அவர் பங்கு மாதம் 3,240 ரூபா. நீங்கள் ஊழியரா, சுயாதீனமாகச் சேவை வழங்குபவரா என்பதுதான் சிக்கலான கேள்வி. நேரத்தை யார் தீர்மானிக்கிறார், எந்த உடுப்புப் போடவேண்டும் என்று யார் சொல்கிறார், வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறீர்களா, உங்களுக்குப் பதில் வேறொருவரை நீங்களே அனுப்பலாமா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். பிரச்சினை வந்தால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வேலையை விட்ட பிறகும் கொடுக்கலாம். வரவுப் பதிவேட்டின் படங்களையும், சம்பளம் வங்கிக்கு வந்த பதிவுகளையும் கவனமாக வைத்திருங்கள்.

தோழி ஒருத்தி, “அஞ்சு வருசம் முடியட்டும், பணிக்கொடை கிடைக்கும்” என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஐந்து வருடத்துக்கு எனக்குச் சில மாதங்களே இருந்தன. ஆனால் 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களுக்கே அந்தக் கடப்பாட்டை விதிக்கிறது. எங்கள் இடத்தில் காவலாளி ஐயாவோடு சேர்த்து ஆறு பேர். வராத காசுக்காக இன்னும் சில மாதம் தேய்வதில் அர்த்தமில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது வேலையைப் பற்றிய முடிவு எடுக்கிற நேரம் இல்லை. முதலில் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். முடிவு பிறகு.

நான் ஒக்ரோபர் கடைசியில் கடிதம் கொடுத்தேன், ஒரு மாதமும் இரண்டு கிழமையும் அவகாசம் வைத்து. சீட்டு டிசம்பரில் முடிகிறது. அதை எடுத்தால் தம்பிக்கு ஏழு மாதத்துக்குக் காணும், அவனுக்கு மிச்சமிருப்பது எட்டு மாதம். ஒரு மாதத்துக்கு எப்படியாவது பார்க்கலாம். அம்மா ஒரு நாள் கதைக்கவில்லை. அடுத்த நாள், “அப்ப இனி நேரத்தோட சாப்பிடுவாய்” என்றா.

வகுப்பில் சொன்னபோது யாரும் அழவில்லை. கையைத் தூக்கியபடி நின்ற அந்த அக்கா மட்டும், “அப்ப நாங்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் முதல் பதினைந்து நிமிடத்தை அவர்தான் நடத்துகிறார், நான் பின்வரிசையில் நிற்கிறேன். மைக் வேண்டாம் என்கிறார். கொப்பியைக் கேட்டார், கொடுத்திருக்கிறேன். அதில் அவருடைய பெயருக்கு நேரே நான் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தொழில் திணைக்களத்துக்கான முறைப்பாடு எழுதி என் பையில் இருக்கிறது. கடைசி வகுப்பு டிசம்பர் இரண்டாம் கிழமை வெள்ளிக்கிழமை. அதற்கு முன்பு அண்ணாவோடு ஒருதடவை கதைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.